பிடிமண்ணும் பிறைத்தலைப் புழுவும்

ஐயா, அல்லது அம்மா, இதனைக் கையில் எடுத்து வாசிக்க முன்வந்தவர் எவராயினும் முதற்கண் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்லன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரிக் லாரியில் ஏறி, ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலிலேயே என் நல்ல வயதைக் கழித்தவன். வண்டி நின்ற ஊர்களில் எல்லாம் கைக்குக் கிடைத்த நாளிதழையும் நூலையும் எழுத்துக் கூட்டிப் படித்து, எனக்கு நானே கற்றுக்கொண்ட தமிழ் இது. பிழை இருப்பின் பொறுத்தருள்க. பிழையைக் காட்டிலும் குழப்பம் மிகுதியாக இருக்கும். நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல என்னால் இயலும். எது எதனால் நடந்தது என்பதை மட்டும் இன்றளவும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, மலை தெரியும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறம் எங்கள் பாட்டன் காலத்துத் தோட்டத்தில் எஞ்சிய முப்பது சென்ட் நிலம் உண்டு. நாற்பது வாழை, இரண்டு முருங்கை, ஒரு எலுமிச்சை, என் மனைவியின் மல்லிகைப் பந்தல், மண்புழு உரத்துக்கென நான் கட்டிய சிமெண்டுத் தொட்டி ஒன்று, இவையே அதன் செல்வம். இவை தவிர ஊர் பேர் தெரியாத செடிகளும் பல நிற்கின்றன. ரிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போன ஊரில் தண்ணீர் நன்றாக வந்துவிட்டால், அந்தத் தோட்டக்காரரிடம் ஒரு செடி கேட்டு, வேர்மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றி, குழாய் அடுக்கிய வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வருவோம். ஆந்திரத்து எலுமிச்சை, கன்னட நாட்டுப் பாக்கு, கேரளத்து ஜாதிக்காய் என்று என் தோட்டம் பல மாநிலத்து மண்ணால் ஆனது. அதை நான் பெருமையாகவே எண்ணியிருந்தேன்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. என்னைவிட ஆறு வயது இளையவர். இளம் வயதிலேயே மேட்டூரில் அனல்மின் நிலைய வேலைக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டார். தந்தையார் காலமான பின் பங்கு பிரிக்க அமர்ந்தபோது, தோட்டத்தை இரண்டாக்க வேண்டாம் என்று அவரே கையை உயர்த்திச் சொன்னார்.

"எனக்கு எதுக்குங்ணா நெலம்? அங்க இருந்துட்டு நா என்ன வெள்ளாமை வெக்கப் போறேன்? நீங்களே வெச்சுக்குங்க. பின்னாடி நா ஒரு ஊடு கட்டுனா புடிமண்ணு கேப்பேன். அப்ப இல்லைன்னு சொல்லிராதீங்க, அது போதும்."

எங்கள் பங்காளிகளிடையே உள்ள வழக்கம் இது. வெளியூரில் வீடு கட்டும் ஒருவர், பூர்வீக நிலத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சென்று புதுவீட்டின் ஈசானிய மூலையில் இட்டு, அதன்மேல் முதற்செடியை நடுவார். வீட்டுக்கு மூத்தவர்தாம் அந்த மண்ணைத் தம் கையால் அள்ளிக் கொடுக்க வேண்டும். தம்பி தமக்கெனக் கேட்டது இது ஒன்றே. வாடகை வீடுகளிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பின் அவர் வீடு கட்டினார். ஐப்பசி மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணா, கார்த்திகையில பால் காய்ச்சறோமுங்ணா. மண்ணு கேட்டிருந்தேன், நெனப்பிருக்குதுங்களா?"

"இருக்குது சாமி. வந்து வாங்கிக்க."

"ரெண்டு மூட்டை எருவும் வேணுமுங்ணா. புழுவோட குடுங்க. இங்க மண்ணு ஒரே சல்லிக்கல்லு, ஒரு புழுவக் கண்ணுல காணோம்."

தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவ்வாண்டு ஐப்பசி மழை விடாமல் பெய்தது. தம்பி பேசிய நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, காலையில் மல்லிகைப் பந்தலடியில் இருந்த பூந்தொட்டியை நகர்த்திய என் மனைவி தோட்டம் அதிரக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க! மம்முட்டியக் கீழ போட்டுட்டு இங்க வாங்க. வெறுங்கையோட வாங்க. நல்லதோட குட்டிங்க!"

நல்லது என்று எங்கள் பக்கத்தில் நல்லபாம்பைச் சொல்வோம். சென்று பார்த்தேன். ஒரு சாண் நீளம் இருக்கும். நாடாவைப் போலத் தட்டையான உடல், வெளிறிய பழுப்பு நிறம், முதுகில் நெடுகக் கருங்கோடுகள். தலை மட்டும் பிறை நிலாவைப் போல இருபுறமும் விரிந்திருந்தது. அது நெளியவில்லை. ஈரச் சிமெண்டின்மேல் நீர் வழிவதைப் போல வழுக்கிச் சென்றது. விரிந்த தலையைத் தூக்கி இடமும் வலமும் அசைத்தபோது, உண்மையைச் சொல்வதானால், எனக்கும் படமெடுப்பதாகவே தோன்றியது. எத்தனையோ மாநிலத்துப் பூமியை நூற்றுக்கணக்கான அடி துளைத்துப் பார்த்த எனக்கு, மேல்மண்ணில் ஊரும் அந்தப் பிராணி இன்னதென்று தெரியவில்லை.

என் மனைவி அதன்மேல் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் தூவினாள். அது சுருண்டு கொழகொழவென்று எதையோ கக்கியது.

"பாருங்க, கோவம் வந்துருச்சு. மிதிபடாத எடமாப் பாத்து உட்டுருங்க. குளுகுளுன்னு இருக்கோணும்."

தோட்டத்தில் குளிர்ச்சியான இடம் எது? உரத்தொட்டிதான். அதனைப் பூவரச இலையில் ஏந்திச் சென்று, ஈரச்சாக்கை விலக்கி, மண்புழுக்களின் நடுவே என் கையாலேயே இறக்கிவிட்டு, மீண்டும் சாக்கால் மூடினேன். கும்பிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

தொட்டியின் சாக்கை நாள்தோறும் காலையில் விலக்கிப் பார்ப்பது என் பழக்கம். விலக்கிய உடனே புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சித் திரளாக உள்ளே இறங்கும். மேற்பரப்பு முழுவதும் ஒரு கணம் கொதிப்பது போல இருக்கும். பத்து நாளில் அந்தக் கொதிப்பு அடங்கத் தொடங்கியது. ஈரம் குறைந்ததோ என்று நீர் தெளித்தேன். சாணம் புளித்ததோ என்று மாற்றினேன். எறும்போ என்று சுற்றிலும் பார்த்தேன். பிறகு ஒருநாள் சாக்கின் மடிப்பிலேயே அதனைக் கண்டேன். ஒரு மண்புழுவின் இடுப்பை அந்தப் பிறைத்தலை கயிறு சுற்றுவது போலச் சுற்றியிருந்தது. மண்புழு துள்ளியது. சுற்றியிருந்தது சிறிதும் அசையவில்லை. நான் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே மண்புழு கூழாகிக் குறைந்துகொண்டே வந்தது.

நாகம் மண்புழுவைத் தின்னும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. களைக்கொத்தை எடுத்து அதனை மூன்று துண்டாக வெட்டினேன். துண்டுகளை வாரி, தொட்டிக்கு அப்பால், எப்போதும் சேறாகக் கிடக்கும் வாழைக்குழியில் எறிந்தேன். அடுத்த நாள் இரண்டைக் கண்டேன், அவற்றையும் அவ்வாறே செய்தேன். அதன் மறுவாரம் எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணவும் பயமாக இருந்தது. வெட்ட வெட்டக் கூடுகிறதே என்ற ஐயம் எனக்கு வந்தது. ஆயினும் வேறு செய்வதறியாது வெட்டிக்கொண்டே இருந்தேன்.

இடையில் ஒருநாள் தொட்டியின் விளிம்பெங்கும் கல்லுப்பைத் தூவினேன். பெய்த மழை அதனைக் கரைத்து உள்ளே இறக்கிவிட்டது. செத்து மிதந்தவை மண்புழுக்கள்.

கடைசியில் இரண்டை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு, வேளாண்மை அலுவலகத்துக்குப் பேருந்தில் எடுத்துச் சென்றேன். அங்கிருந்த அதிகாரி ஆத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையால தொட்டீங்களா ஐயா?" என்பதைத்தான் முதலில் கேட்டார்.

"இலையில ஏந்துனேனுங்கம்மா. கும்புடவும் செஞ்சேன்."

அவர் சிரிக்கவில்லை. அது பாம்பும் அன்று, மண்புழு இனமும் அன்று, தட்டைப்புழு என்று விளக்கினார். வேற்று நாட்டிலிருந்து செடித்தொட்டிகளின் மண்ணோடு வந்து பரவியது. மண்புழுவே அதன் ஆகாரம். அதன் வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கிறது. உடம்பில் ஊறும் வழுவழுப்பில் நஞ்சு உண்டு என்கிறார்கள், ஆகவே கையுறை இல்லாமல் தொடலாகாது.

"வெட்டுனீங்களா?"

"வெட்டுனேன்."

"ஐயையோ. ஒவ்வொரு துண்டும் தலை மொளச்சு ஒரு புழுவா ஆயிடும் ஐயா. இனிமே வெட்டாதீங்க. குச்சியால எடுத்து உப்புத் தண்ணியில போடுங்க. மண்ணுல உப்பைப் போடாதீங்க. காய்ஞ்ச மண்ணுல அது தங்காது, ஈரத்துலதான் இருக்கும். ஒண்ணு மறக்காதீங்க, உங்க தோட்டத்து மண்ணையோ எருவையோ செடியையோ யாருக்கும் குடுக்காதீங்க."

மண் கொடுக்காதீர்கள் என்ற சொல் என் தலையில் கல்லைப் போல விழுந்தது. தம்பியின் வீட்டுக்குப் பால் காய்ச்ச இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டேன். "ஏம்மா, அப்ப அது வெளிநாட்டுப் புழு, நம்முளுது நம்ம ஊருப் புழு, அப்படித்தானுங்களே?"

"தொட்டியில விடுறோமே, அதுவும் ஆப்பிரிக்கா புழுதான் ஐயா. வயல்ல இருக்கிறதுதான் நம்ம ஊரு. இது ரெண்டையும் தின்னுடும்."

பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் இதனை எண்ணிக்கொண்டே வந்தேன். வந்தவனை வந்தவன் தின்கிறான் என்றால் நான் யாருக்காகக் கவலைப்படுகிறேன்? இந்தத் தட்டைப்புழுவை என் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் யார்? எந்த மாநிலத்து வேர்மண்ணில், எந்த ஈரச்சாக்கில் அது ஏறியது? நானே கட்டி எடுத்துவந்த செடிகளில் ஒன்றிலா, என் மனைவி சந்தையில் வாங்கிய பூந்தொட்டியிலா? ஒன்றும் புலப்படவில்லை.

வீட்டில் நிலைமை வேறாக இருந்தது. நான் தென்னை ஈர்க்குச்சிகள் இரண்டைச் சேர்த்துப் பிடித்து, தட்டைப்புழுக்களை எடுத்து உப்புநீர் டப்பாவில் போடுவதைக் கண்டதும் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மஞ்சத்தூளு போட்ட கையிங்க இது. இப்பக் கொல்றத நா பாக்கோணுமா?"

"இது நாகமில்ல. இதுக்கு வாயி வயித்துல இருக்குது. அந்தம்மா சொன்னாங்க."

"வாயி வயித்துலயா? உங்க தம்பியாட்டமா?"

அவ்வளவு துயரத்திலும் சிரித்துவிட்டோம். தம்பி சாப்பாட்டுப் பிரியர். ஆனால் அவளுக்கு அது நாகமன்று என்று முழுதாக மனம் ஒப்பவில்லை. எனக்கும் முழுதாக ஒப்பியதா என்று கேட்டால் விடை சொல்லத் தெரியவில்லை. ஈரச்சாக்குகளைத் தோட்டமெங்கும் விரித்து, காலைதோறும் புரட்டி, ஒளிந்திருப்பவற்றை எடுத்தேன். குறைந்தன. அற்றுப்போகவில்லை.

பிடிமண்ணுக்கு என்ன செய்வது? எருவைக் கொடுக்க முடியாது என்பது தெளிவு. மண்ணை வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயிலே இல்லை. இரும்புச்சட்டியில் போட்டு வறுத்துவிடலாம் என்று முடிவு செய்து அடுப்பைப் பற்றவைத்தேன். என் மனைவி வந்து அடுப்பை அணைத்தாள்.

"வறுத்த மண்ணையா குடுப்பீங்க? அதுமேல செடி வெக்கறதா? ஊடு வெளங்குமா? அவரு ஆயுசுக்கும் கேட்டது இது ஒண்ணுதானுங்க."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதிகாரி சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாட்கள் இவ்வாறே கழிந்தன. மூன்றாம் நாள் என் பழைய தொழில் எனக்குக் கைகொடுத்தது. புழு மேல்மண்ணில்தானே வாழ்கிறது. அடிமண்ணில் அதற்கு இரை ஏது? மழைச்சாரல் படாத மேற்குச் சுவரோரம், இறவாரத்துக்கு அடியில் கடப்பாரையால் தோண்டினேன். கரிய மேல்மண், அதன் கீழ்ச் செம்மண், அதன் கீழ்ச் சரளை. என் இடுப்பளவு இறங்கியதும் புட்டுமாவைப் போல வறண்ட செந்நிற மண் வந்தது. பாட்டன் உழாத மண், ஆனால் பாட்டனின் நிலம். சல்லடையில் இருமுறை சலித்து, வெள்ளைத் துணியில் விரித்து, கண்ணாடி அணிந்து ஒவ்வொரு கூழாங்கல்லாகப் பார்த்து, அதனை மஞ்சள் துணியில் முடிந்தேன்.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் காலை, தம்பி வாடகை வேனில் வந்தார். நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். எரு இல்லை என்றதும் முகம் சற்று வாடியது. மஞ்சள் துணியை அவர் கையில் வைத்து, "அடிமண்ணு சாமி, சுத்தமான மண்ணு. உனக்கு ஒரு கெடுதலும் வராது" என்றேன். இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அட உடுங்ணா. எரு எங்க வேணாலும் கெடைக்கும். வாசல்ல கட்டறதுக்குக் குலைவாழ ரெண்டு குடுங்க. நம்ம தோட்டத்து வாழையா இருக்கட்டும்."

அதற்கென்ன என்று கடப்பாரையோடு வாழைக்குழியில் இறங்கினேன். மேட்டூர் வரை பயணம், மறுநாள் காலை வரை வாசலில் நிற்க வேண்டும். அடித்தண்டில் வெட்டினால் இலை தொங்கிவிடும் என்று, கிழங்கோடு பெயர்த்து, வேர்மண் உதிராமல் ஈரச்சாக்கில் சுற்றிக் கட்டினேன். ரிக் வண்டியில் எத்தனையோ முறை கட்டிய அதே கட்டு. பக்கக்கன்றுகள் இரண்டு ஒட்டியிருந்தன. மங்கலம் என்று அவற்றையும் பிரிக்காமல் விட்டேன். அவ்வேளையில் என் எண்ணமெல்லாம் மஞ்சள் துணியில் முடிந்த அந்த ஒரு பிடி மண்ணைப் பற்றியே இருந்தது. ஒரு பிடியை இருமுறை சலித்தவன், இரண்டு கூடை மண்ணைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினேன். என் மனைவி அருகில் நின்றாள், தம்பி அருகில் நின்றார். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது மண்ணாகத் தோன்றவில்லை. அது வாழையாகவே தோன்றியது.

பால் காய்ச்சும் நாள் சிறப்பாக நடந்தது. ஈசானிய மூலையில் மண்ணை என் கையால் இட்டேன். அதன்மேல் தம்பி மனைவி செம்பருத்தி நட்டார். விருந்து முடிந்ததும், வாசல் வாழைகளை வீணாக்குவானேன் என்று தம்பி கன்றுகளோடு கொல்லைப்புறத்தில் நட்டுவிட்டார். எனக்கு அதுவும் அப்போது நல்ல காரியமாகவே பட்டது.

கோடை மழை பெய்த மறுநாள் தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தது. நலம் விசாரித்த பின் கேட்டார்.

"அண்ணா, நீங்க சொன்னீங்களே, தலை பெறையாட்டம் இருக்கும்னு. முதுவுல கோடு இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"வாழைக்கடியில ஒண்ணு கெடக்குதுங்ணா."

அப்போதுதான் வாழைக்குழி என் நினைவுக்கு வந்தது. நான் துண்டு துண்டாக வெட்டி எறிந்தது எங்கே என்பதும் நினைவுக்கு வந்தது.

அடுத்த பேருந்தில் சங்ககிரி வழியாக மேட்டூர் சென்றேன். பையில் கல்லுப்புப் பொட்டலம், மூடியுள்ள டப்பா, ஒரு கட்டு ஈர்க்குச்சி, இரண்டு ஜோடி ரப்பர் கையுறை. இருவரும் வாழையைச் சுற்றி அமர்ந்து ஈரமண்ணைக் கிளறினோம். மூன்று கிடைத்தன. தம்பி கையுறைக் கையால் ஒன்றைக் குச்சியில் தூக்கிப் பிடித்தார். அது பிறைத்தலையை இருபுறமும் அசைத்தது.

"நான் கெழங்கோட தோண்டிக் குடுத்தது தப்பு சாமி. ஒரு புடி மண்ணுக்குப் பயந்தேன், ரெண்டு கூடையக் கட்டி அனுப்பிச்சுட்டேன்" என்றேன்.

"உடுங்ணா. ஊட்டு மண்ணு கேட்டேன், ஊட்டுப் புழுவும் கூடவே வந்துருச்சு. பங்கு குடுக்கறதுல நீங்க வஞ்சன பண்ணலைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு."

சொல்லிவிட்டு அவரே உரக்கச் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். உள்ளிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்து, பால் காய்ச்சிய வாரத்திலேயே சந்தையில் குரோட்டன்ஸ் தொட்டிகள் ஆறு வாங்கி வாழைக்குப் பக்கத்தில் வைத்ததாகவும், அவற்றிலிருந்தும் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, அறியேன். ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அதன் அடியில் ஈரம் மட்டுமே இருந்தது.

வாழைகளைத் தோண்டியெடுத்து, அவை நின்ற மண்ணோடு கறுப்புத் தார்ப்பாயில் விரித்து, மேட்டூர் வெயிலில் நாட்கணக்கில் காயவைத்தோம். அதன் பிறகு அங்கே எதுவும் தென்படவில்லை என்று தம்பி சொல்கிறார். மழைக்காலம் இன்னும் வரவில்லை, ஆகவே அந்தச் சொல்லை நான் பாதிதான் நம்புகிறேன். ஈசானிய மூலைச் செம்பருத்தி பூத்திருக்கிறது. அதன் அடியில் கிளறிப் பார்க்கத் தம்பி விடவில்லை. அந்த மண் சுத்தமான மண் என்று நான் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றுகிறார். என் உரத்தொட்டியில் மண்புழுக்கள் மீண்டும் கொஞ்சம் தெரிகின்றன. அவை எந்த ஊர்ப் புழு என்று பிரித்துப் பார்க்க நான் இன்னும் கற்கவில்லை. என் மனைவி ஈர்க்குச்சி பிடிக்க முன்வந்துவிட்டாள். ஆயினும் உப்புநீரில் போடும் முன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நானும் தம்பியும் முதியவர்கள். நாளை மேட்டூரிலோ திருச்செங்கோட்டிலோ ஒருவர் மழைவிட்ட காலையில் செடித்தொட்டியை நகர்த்தி, பிறைத்தலையுடைய ஒன்றைக் கண்டு, இது எங்கிருந்து வந்தது என்று திகைக்கக்கூடும். அவர் அதனைக் கும்பிட வேண்டாம், வெட்டவும் வேண்டாம், வேர்மண்ணோடு எதையும் எவருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அது வந்த வழிகளில் ஒன்று என் கையாகவும் இருக்கலாம் என்பதை அவர் அறிய வேண்டும். ஆதலால் ஐயா, அம்மா, இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.